குப்பை வரிசை

அந்த நீதிமன்றத்தில் இப்போதெல்லாம் யாருடைய பெயரையும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் இத்தனை காலம் பாழாய்ப் போனது என்று மேலிடத்தில் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஊழியர் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்துவார், ஆள் எதிர்க்கடையில் டீயை ஆற்றிக்கொண்டிருப்பான், அவன் குடித்து முடித்து வரும்வரை நீதி கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆகவே சின்னக் குற்றங்களுக்கென்று புது முறை ஒன்று வந்தது. வாசலில் டோக்கன். டோக்கனுக்குத் தகுந்த வரிசை. ஒரே குற்றம் செய்தவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். நீதிபதி குற்றச்சாட்டை மொத்தமாக ஒரு தடவை படிப்பார். “ஒத்துக்கிறீங்களா?” என்பார். வரிசை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல, “ஒத்துக்கிறோம்” என்று சொல்லும். பிறகு அபராதத்தைக் கட்டிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டே இருக்கலாம். முன்வாசல் வருவதற்கு மட்டும்.

ஹெல்மெட் வரிசைதான் இருப்பதிலேயே நீளம். அடுத்தது சத்த வரிசை. ஒலிபெருக்கியை அலறவிட்டுத் தெருவைத் தூங்கவிடாமல் அடித்தவர்கள் அதில் நின்றார்கள், அங்கேயும் அவர்கள் மெல்லப் பேசவில்லை. ஜன்னலோரமாகக் குப்பை வரிசை. குற்றத்தை ஒத்துக்கொள்ளாதவர்களை அரசாங்கம் மறந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. அவர்களுக்காக ‘மறுப்போர்’ என்று அட்டை ஒட்டிய நாற்காலி ஒன்று மூலையில் இருந்தது. அதில் இதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை என்பதால் பெஞ்ச் கிளார்க் அம்மா தன் சாப்பாட்டுப் பையை அதன்மேல் வைத்திருந்தார்.

பக்கத்து அறையில் சில்லறைத் தகராறுகள். அங்கேயும் அதே வேகம்தான். இரவல் கொடுத்த ஏணிக்காக வருஷக்கணக்கில் அடித்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் காலையில் உள்ளே போனார்கள். முதல் ஆள் தன் குறையைச் சொல்லி முடிப்பதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. இருவரும் வெளியே வந்து, இனி எதை வைத்துச் சண்டை போடுவது என்று புரியாமல், ஏணியின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு சேர்ந்தே வீட்டுக்குப் போனார்கள்.

இந்தக் கட்டடத்துக்குள்தான் அன்றைக்கு லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் தன் மாமனாரை ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வந்தான்.

அவன் வீட்டோடு மாப்பிள்ளை. விரும்பி ஆனவன் இல்லை. மாமியார் இறந்த பிறகு, “அப்பாவைத் தனியா விட முடியாது” என்று மனைவி சொன்னாள், அதோடு பேச்சு முடிந்தது. மாமனார் ஓய்வுபெற்ற சுகாதார இன்ஸ்பெக்டர். வேலையில் இருந்த காலத்தில் அவர் தெருமுனையில் தலையைக் காட்டினாலே வாழைப்பழத் தோலைக் கையில் வைத்திருப்பவன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். துப்பியவன், கொட்டியவன், கொளுத்தியவன் யாரையும் அவர் விட்டதில்லை, சொந்தத் தம்பிக்கே அபராதம் எழுதியவர். இப்போது அவர்மேலேயே வழக்கு. பொது இடத்துக்குக் கேடாக வீட்டு வளாகத்தில் குப்பையைக் கொளுத்தியது.

கொளுத்தியது மாப்பிள்ளை.

இதில் பெரிய சதி ஒன்றும் இல்லை. மாமனார் மூத்த மகள் வீட்டுக்குப் போயிருந்தார். போகும்போது, கொல்லையில் வெட்டிப் போட்ட மரக்கிளையையும் சருகையும் குப்பை வண்டியில் ஏற்றிவிடச் சொல்லியிருந்தார். வண்டிக்காரன் வந்தான், மூட்டை கட்டாமல் ஏற்ற மாட்டேன் என்றான், போய்விட்டான். மறுநாள் வரவே இல்லை. மாமனார் சாயங்காலம் திரும்பி வருகிறார். மாப்பிள்ளை கோணிப்பையைத் தேடினான், கிடைக்கவில்லை. தீப்பெட்டி கிடைத்தது. சருகு நன்றாகக் காய்ந்திருந்ததால் வேலை சீக்கிரமாக முடிந்தது, ஆனால் புகை தெருவைத் தாண்டிப் போய், மாமனாரே பழக்கிவிட்ட இப்போதைய இன்ஸ்பெக்டரின் மூக்கில் ஏறியது. அந்தப் பையன் வந்தபோது மாப்பிள்ளை மேலே குளித்துக்கொண்டிருந்தான். பையன் சாம்பலைப் படம் பிடித்தான், வீட்டுச் சொந்தக்காரர் பெயரில் எழுதினான், நோட்டீசைக் கதவில் சொருகிவிட்டுக் குருவின் வீடு என்பதால் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அன்று ராத்திரி சாப்பிடும்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் மாமனார், “எவனோ தெருவுல போற பொறுப்பில்லாத பய சுவரேறிக் கொளுத்திட்டுப் போயிருக்கான். என்ன மாப்பிள்ளை?” என்றார். திறந்த வாயில் சோற்றை வைத்துக்கொண்டு அவன் தலையாட்டி வைத்தான். ஆட்டிய தலையை மறுநாள் எப்படி மாற்றி ஆட்டுவது? நாள் போகப் போக அந்த விஷயம் தொண்டையிலிருந்து மேலே வரவே மறுத்தது. மனைவிக்கு மட்டும் தெரியும். “நீங்களே சொல்லுங்க. நான் காட்டிக் குடுக்க மாட்டேன், நீங்க சொல்லாம இருந்தா நான் உங்களை மதிக்கவும் மாட்டேன்” என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

மாமனாரோ ஒத்துக்கொள்வதாக இல்லை. வக்கீல் வேண்டாம், நானே பேசிக்கொள்கிறேன் என்றார். தினமும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பழகினார். மாடிப்படியில் ஏறி இறங்கும்போது முணுமுணுவென்று சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. சுவரேறிக் கொளுத்திய அந்தப் பொறுப்பில்லாத பயலைத்தான் உள்ளே காய்ச்சிக்கொண்டிருக்கிறார் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொள்வான். அந்தப் படியில் அவன் ஓசைப்படாமல் நடக்கக் கற்றுக்கொண்டான். வேறென்ன செய்வான், கோழை.

நீதிமன்றத்தில் டோக்கன் வாங்கியதும் மாமனார், “பிடிங்க மாப்பிள்ளை, கை கழுவிட்டு வந்துடறேன்” என்று டோக்கனை அவனிடம் கொடுத்துவிட்டுக் கழிப்பறைப் பக்கம் போனார். சாதாரண மனிதன் என்றால் போய்விட்டு வந்துவிடுவான். இவர் உள்ளே நுழைந்த இரண்டாவது நொடியில் அங்கிருந்து, “இந்தக் கட்டடத்துக்குப் பொறுப்பு யாருங்க?” என்ற குரல் கேட்டது. பிறகு வாளி உருளும் சத்தம். யாரோ ஓடும் சத்தம். ஓய்வூதியம் வாங்கத் தொடங்கிய பின் அந்த மனிதர் இவ்வளவு உற்சாகமாகப் பேசி மாப்பிள்ளை கேட்டதில்லை.

“குப்பை டோக்கன் எல்லாம் வரிசைக்கு வாங்க. இப்ப நிக்காதவங்களுக்கு வாரண்டு” என்றார் ஊழியர்.

மாப்பிள்ளை கழிப்பறைப் பக்கம் பார்த்தான். பினாயில் எங்கே என்று யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தார் மாமனார். இடம் பிடித்து வைப்போம், வந்ததும் மாறிக்கொள்ளலாம் என்று அவன் வரிசையில் போய் நின்றான். ஊழியர் டோக்கனைப் பார்த்து ஒரு கோடு கிழித்துக்கொண்டே போனார். முகத்தைப் பார்ப்பது புதிய முறையில் இல்லை.

நீதிபதி வந்து உட்கார்ந்தார். வயதில் சின்னவர், தூக்கம் போதாத கண். குற்றச்சாட்டை மூச்சு விடாமல் படித்தார். கொட்டுதல், எறிதல், தேக்கி வைத்தல், கொளுத்துதல் எல்லாம் அதில் அடங்கியிருந்தன. “ஒத்துக்கிறீங்களா?”

அய்யா, நான் ஆள் இல்லை, ஆள் கை கழுவப் போயிருக்கிறார் என்று சொல்லத்தான் மாப்பிள்ளை நினைத்தான். ஆனால் வலப்பக்கத்து மீன்கடைக்காரரும் இடப்பக்கத்துச் சலூன்காரரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள், அவன் வாயும் தானாகத் திறந்துகொண்டது.

“ஒத்துக்கிறோம்.”

சொல்லி முடித்ததும் அவனுக்குப் பயம் வரவில்லை. நெஞ்சு லேசாகிவிட்டது. இத்தனை நாளும் ஒரு மனிதரிடம் சொல்ல வராதது, ஒரு கும்பலோடு சேர்ந்து எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. அந்த நிம்மதி, அபராதம் கட்டி ரசீது வாங்கும்வரை இருந்தது. ரசீதில் மாமனாரின் பெயர் இருந்தது.

மாமனார் ஈரக் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே வந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். “இப்பதான் மனுஷன் உள்ள போகலாம். இவ்ளோ பெரிய கட்டடம், ஒரு துடைப்பம் ஒழுங்கா இல்ல. நம்ம வரிசை ஆரம்பிச்சாச்சா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நேராகக் கிளார்க் அம்மாவிடம் போனார். “அம்மா, நான் குற்றத்தை மறுக்கிறேன். அந்த நாற்காலில இருக்கற பையை எடுத்துட்டீங்கன்னா உக்காந்துக்குவேன்.”

கிளார்க் அம்மா பையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு டோக்கன் எண்ணைக் கேட்டுக் கணினியைப் பார்த்தார்.

“சார், உங்களுது முடிஞ்சிடுச்சு.”

“என்ன முடிஞ்சுது?”

“ஒத்துக்கிட்டீங்க. கட்டிட்டீங்க. பின்பக்கமா போகலாம்.”

“நான் ஒத்துக்கவே இல்லையேம்மா. நான் இங்க இல்லவே இல்லையே. பாத்ரூம்ல இருந்தேன், வேணும்னா உங்க பியூனைக் கேளுங்க, அவர்தான் தண்ணி ஊத்தினாரு.”

மாப்பிள்ளை ரசீதோடு வந்து நின்றான். “மாமா, வாரண்டுன்னு சொன்னாங்க. அதான் நான் நின்னேன்.”

மாமனார் ரசீதை வாங்கிப் படித்தார். தூரத்தில் வைத்துப் படித்தார், கிட்டத்தில் வைத்துப் படித்தார். எங்கே வைத்தாலும் அதே பெயர்தான். மீன்கடைக்காரர் பின்வாசலுக்குப் போகிற வழியில் அடையாளம் கண்டுகொண்டு நின்றார். அவருக்கு மாமனார் எத்தனை அபராதம் எழுதியிருப்பார் என்பது கடவுளுக்குத்தான் தெரியும். “சார், நீங்களுமா?” என்றார். கேலிகூட இல்லை, நிஜமான அனுதாபம். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

“இதை மாத்துங்கம்மா” என்றார் மாமனார்.

“மாத்தறதுக்கு இதுல இடமே இல்ல சார். ஒரே நாள்ல முடிக்கறதுக்குன்னு செஞ்சது. முடிச்சதைத் திறக்கணும்னா, உங்களுக்குப் பதிலா வேற ஆள் நின்னார்னு எழுதிக் குடுக்கணும்.” கிளார்க் அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அது ஆள்மாறாட்டம். இங்க வராது, பெரிய கோர்ட்டுக்குப் போகும். அங்க இந்த டோக்கன் முறையெல்லாம் இல்ல. நின்னவருக்கு ஜெயில்கூட ஆகலாம். எழுதித் தரீங்களா?”

கேட்டுவிட்டு ஒரு வெள்ளைத் தாளை மேசைமேல் வைத்தார். மாமனார் தாளைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். கோபப்படுவார் என்று இவன் எதிர்பார்த்தான், கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“வேணாம்மா” என்றார். “அவர் எனக்கு நல்லது செய்யறதா நினைச்சு நின்னுட்டாரு. நானே ஒத்துக்கிட்டதா இருக்கட்டும்.”

வாழ்நாளெல்லாம் ஒரு குச்சியைக்கூடத் தெருவில் போடாத மனிதர் ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஆள் சிறுத்துப் போய்விட்டார். அவ்வளவு நாள் பழகிய பேச்சு வெளியே வர இடமில்லாமல் உதடு மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபோது மாப்பிள்ளைக்குத் தன்மேல் வந்த வெறுப்புக்கு அளவே இல்லை.

அவன் நேராக நீதிபதியின் மேசை முன்னால் போய் நின்றான். ஹெல்மெட் வரிசைக்குப் படிக்கத் தாளை எடுத்திருந்த நீதிபதி நிமிர்ந்தார்.

“ஹெல்மெட்டா?”

“இல்லைங்க அய்யா. குப்பை.”

“குப்பை முடிஞ்சிடுச்சு.”

“முடிஞ்சது தப்பா முடிஞ்சிருக்குங்க. அதோ உக்காந்திருக்காரே, அவர் என் மாமனார். குப்பையைக் கொளுத்தினது அவர் இல்ல. நான். அவர் ஊர்லயே இல்ல. வரிசைல நின்னதும் அவர் இல்ல, அதுவும் நான்தான்.”

ஹெல்மெட் வரிசை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டது. பெஞ்சில் மாமனாரின் உதடு நின்றுவிட்டது. மாப்பிள்ளை அந்தப் பக்கம் பார்க்கவில்லை, பார்த்தால் மீதி வராது என்று அவனுக்குத் தெரியும்.

“தெரிஞ்சு வீட்டுல சொல்லாம இருந்தீங்களா?” என்றார் நீதிபதி.

“ஆமாங்க. சொல்லப் பயமா இருந்தது.”

“யாரைப் பாத்து?”

“அவரைப் பாத்துதாங்க.”

நீதிபதி பேனாவை மேசையில் தட்டிக்கொண்டு யோசித்தார். “அப்ப கொளுத்தினவர்தான் வரிசைல நின்னிருக்கார். நின்னவர்தான் ஒத்துக்கிட்டிருக்கார். ஒத்துக்கிட்டவர்தான் பணமும் கட்டியிருக்கார்.” கிளார்க் அம்மா பக்கம் திரும்பினார். “இதுல ஆள் எங்கம்மா மாறியிருக்கு? நோட்டீஸ்ல பேர்தான் தப்பு. பேரைத் திருத்துங்க.”

“அதுக்கு இடம் இருக்குங்களா?” என்று கேட்ட கிளார்க் அம்மா, தானே தேடி, “இருக்குங்க அய்யா” என்றார். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது அவருக்கு.

தட்டினார்கள். பழைய ரசீதை வாங்கிக் கிழித்தார்கள். புதிய ரசீது மாப்பிள்ளை பெயரில் வந்தது. மாமனார் எழுந்து வந்து மேசை முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“அய்யா, நான் கொஞ்சம் பேசணும்.”

“எதுக்குங்க? உங்கமேல வழக்கே இல்லையே.”

“இல்லைங்க. நான் பேசறதுக்குத் தயார் பண்ணிட்டு வந்திருக்கேன்.”

“வழக்கு இல்லாதவங்க பேசறதுக்கு இங்க நேரம் ஒதுக்கலை, பெரியவரே. உங்க பேர் சுத்தமா இருக்கு. வீட்டுக்குப் போங்க.” அவர் மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு ஹெல்மெட் தாளை எடுத்துப் படிக்கத் தொடங்கினார்.

மாப்பிள்ளையைப் பின்வாசல் வழியாக அனுப்பினார்கள். மாமனாரை எந்த வாசல் வழியாக அனுப்புவது என்று ஊழியருக்குக் குழப்பம். குற்றமில்லை என்று ஒருவர் வெளியே போவது புதிய முறையில் இதுவே முதல் தடவை. கடைசியில் வந்த வழியே போகச் சொன்னார்.

ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் இருவரும் சந்தித்தார்கள். மாப்பிள்ளை வண்டியின் பூட்டைத் திறக்கக் குனிந்து, திறந்த பிறகும் குனிந்தபடியே இருந்தான். மனைவி வீட்டைவிட்டுப் போகச் சொன்னால்கூடப் போய்விடலாம், இவர் ஒரு வார்த்தை சொல்லாமல் பின்னால் உட்கார்ந்து வந்தால் வீடுவரை எப்படி ஓட்டுவது என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

“நான் உள்ள என்ன பேசறதா இருந்தேன் தெரியுமா?” என்றார் மாமனார்.

“திட்டுங்க மாமா. தாராளமா திட்டுங்க.”

“திட்டறதுக்கு இல்ல. நில்லுங்க நேரா.”

அவன் நிமிர்ந்து நின்றான். மாமனார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வண்டிகளுக்கு நடுவில், எதிரே நீதிபதி உட்கார்ந்திருப்பதுபோல ஆரம்பித்தார். நீதிமன்றத்துக்கென்று எடுத்து வைத்த தெளிவான குரல்.

“மதிப்பிற்குரிய நீதிபதி அவர்களே. எங்கள் வீட்டில் மூன்று பேர். நான் இந்தக் குற்றத்தைச் செய்யவில்லை. நான் ஊரில் இல்லை. என் மகள் செய்யவில்லை. அவள் என் கையில் வளர்ந்தவள். மூன்றாவது ஆள் என் மாப்பிள்ளை. அவர்மேல் யாருக்காவது சந்தேகம் வரலாம், அதனால் அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டும். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒரு திருகாணியை முடுக்கினால், முடுக்கியதைத் திரும்ப ஒரு முறை தொட்டுப் பார்க்காமல் இறங்க மாட்டார். என் மனைவி போன பிறகு நான் சாப்பிட்டேனா என்று தினமும் கேட்கிற ஒரே ஆள் அவர்தான். வேண்டாவெறுப்பாகத்தான் என் வீட்டுக்கு வந்தார், எனக்குத் தெரியும். ஆனால் ஒரு நாளும் அதை முகத்தில் காட்டியதில்லை. எனக்கு மகன் இருந்திருந்தால் இப்படி இருந்திருப்பானா என்று தெரியாது. அவர் இதுவரை என்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை.”

அங்கே நின்றுவிட்டார். சற்றுத் தள்ளி ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்த சலூன்காரர் உதைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவுக்குப் பின்னால் இத்தனை நாளும் கேட்ட முணுமுணுப்பு இதுதான். இதற்குப் பயந்துதான் அவன் அந்தப் படியில் பூனைபோல ஏறி இறங்கினான். மாப்பிள்ளையால் தன்னை அடக்க முடியவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

“கடைசி வரியை எடுத்துடறேன்” என்றார் மாமனார், வழக்கமான குரலில். “மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்.”

அவர் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளைக்குக் கண்ணீர் மறைத்ததில் சாவி துளையில் நுழையவே இல்லை. அவர் அவசரப்படுத்தவில்லை.